சின்னானைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக ஒரு குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறீர்கள். எங்கே போனாலும் சின்னான் வந்து முன்னால் உட்காருகிறது. நின்று பார்த்தால், "அது சின்னான்தாங்க, வீட்டுலயே பார்க்கலாம், வாங்க" என்று கூட வந்தவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். உங்களுக்கோ அதைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடித்திருக்கிறது. அதில் பார்க்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது புதிதாக வந்தவர் என்பதால் எல்லாமே அழகாகத் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது, பைனாகுலர் இல்லாமல் முடியுமா என்பது கேள்வியின் மறுபாதி.

முதல் பாதிக்குப் பதில்: நிச்சயமாக இருக்கிறது. நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப்போன ஆண்டுகளிலும் ஓய்வு பெற்ற பிறகும் நான் அதிகம் குறிப்பெழுதிய பறவை சின்னான்தான். ஆனால் சின்னானையே எடுத்து முறையாக ஆராய்ச்சி செய்தவன் அல்ல. ஆகவே எது ஆய்வுகளில் வந்தது, எது என் கண்ணில் பட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சின்னான்கள் பல. நீங்கள் சொல்வது செங்குதச் சின்னான், கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். கறுத்த தலை, சிறிய கொண்டை, வாலடியில் சிவப்பு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உயரமான கொண்டையோடு கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்திருப்பது செம்மீசைச் சின்னான். புதருக்குள் மறைந்துகொண்டு திடீரென்று கடகடவென்று குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடுவது வெண்புருவச் சின்னான்.

இதை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்? பறவை நோக்குதல் என்பது பெரும்பாலானவர்களுக்கு அடையாளம் காணும் வேலை. சின்னானை இரண்டு நொடியில் அடையாளம் கண்டுவிடலாம், வேலை முடிந்தது. அரிய பறவையிடம் இது சரி, ஏனென்றால் அது உங்களுக்குத் தருவதே அந்த ஒரு தரிசனம்தான். வலசை வந்த ஓர் அரிய ஈபிடிப்பானை ஜனவரியில் ஒரு காலை பார்ப்பீர்கள், பெயரை எழுதுவீர்கள். அது கூடு கட்டுவதையோ, குஞ்சுக்கு ஊட்டுவதையோ, பூனையைக் கண்டு கத்துவதையோ பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை. சின்னான் அப்படி இல்லை. அதன் வருடம் முழுவதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. பறவையின் வாழ்க்கையைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், தினமும் கண்ணில் படும் பறவையிடம்தான் கற்க முடியும். இதுதான் நான் சொல்ல வருவது, மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

சரி, எதைப் பார்ப்பது? தின்பதிலிருந்து தொடங்குங்கள். சின்னான் முதன்மையாகப் பழந்தின்னி. கறிவேப்பிலைச் செடியில் பழம் கறுக்கும்போது, சிங்கப்பூர் செர்ரி சிவக்கும்போது, வேலியில் கோவைப்பழம் வெடிக்கும்போது கவனியுங்கள். சிறு பழத்தை முழுதாக விழுங்கும், பெரிய பழத்தைக் கொத்தித் தின்னும். எந்தப் பழத்தை விழுங்குகிறது, எதைக் கொத்துகிறது என்று ஒரு மாதம் எழுதிவைத்தாலே உங்கள் தெருவில் எந்தச் செடியின் விதை இதன் வயிற்றில் ஏறிப் பயணம் போகிறது என்று தெரிந்துவிடும். பழம் மட்டும் அல்ல. கல்யாண முருங்கை பூத்தால் தேனுக்கு வரும், பூவிதழையும் பிய்த்துத் தின்னும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் மாலையில் கிளையிலிருந்து எழும்பி அந்தரத்திலேயே பிடித்துத் தின்னும். குஞ்சு பொரித்த நாட்களில் புழுவும் பூச்சியும் தேடி இலையிலையாகப் புரட்டும். சில நேரம் சிறு பல்லியைக்கூடப் பிடிக்கும்.

பழம் தின்பதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. நம்மைப் போலவே இந்தப் பறவையின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. கல்கத்தாவில் ராய், குஹா என்ற இரு அறிவியலாளர்கள் பல பறவைகளையும் விலங்குகளையும் ஒப்பிட்டு 1958இல் வெளியிட்ட ஆய்வில் இது வந்தது. சின்னானுக்கு மட்டும் உரிய குறை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடும் பறவைகளின் கூட்டத்தில் பல இனங்களுக்கு இந்தத் திறன் இல்லை, சிலவற்றுக்கு இருக்கிறது. அதற்குப் பழம் பிடிப்பதே இதனால்தான் என்று அடுத்த படிக்குத் தாவிவிடக் கூடாது, அது ஊகம்.

விதைக்கு வருகிறேன். சின்னான் தின்றுவிட்டு வழக்கமாகப் போய் அமரும் கிளையோ கம்பியோ இருந்தால், அதற்கு நேர்கீழே ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். எச்சத்தில் விதைகள் இருக்கும். அவற்றைத் தொட்டியில் ஊன்றிப் பாருங்கள். மாணவர்களுக்கு நான் கொடுத்த பயிற்சிகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். முளைத்து வரும் செடியைப் பார்த்த பிறகு எந்த மாணவரும் சின்னானைச் சாதாரணமாகச் சொன்னதில்லை. கோடியக்கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டில் பழந்தின்று விதை பரப்பும் பறவைகளில் சின்னான்கள் முக்கியமானவை. அதே வயிறு உண்ணிச்செடியின் விதையையும் பரப்புகிறது. காடுகளை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த அயல்செடிக்கு இது உதவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பறவைக்கு உள்ளூர்ச் செடி, வெளியூர்ச் செடி என்ற பேதம் கிடையாது, பழம் இருந்தால் போதும்.

கோடியக்கரையைச் சொன்னதால் இன்னொன்று. வி. எஸ். விஜயன் என்ற பறவையியலாளர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் அங்கே தங்கி ஆய்வு செய்து 1975இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பறவைகள் செங்குதச் சின்னானும் வெண்புருவச் சின்னானும். ஒரே புதர்க்காட்டில், ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே மாதிரி உணவு தின்னும் இரண்டு சின்னான்கள் ஒன்றையொன்று விரட்டிவிடாமல் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பது அவருடைய கேள்வி. யாரும் திரும்பிப் பார்க்காத இரண்டு குருவிகளில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வி இருந்திருக்கிறது. உங்கள் தெருவில் இரண்டும் இருந்தால் அதே கேள்வியை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்: எது வெளிக்கிளையில் அமர்கிறது, எது புதருக்குள் நிற்கிறது, ஒரே செடிக்கு இரண்டும் வந்தால் என்ன நடக்கிறது?

அப்புறம் குரல். வண்ணாத்திக்குருவியைப் போல விடியலில் நீண்ட பாட்டுப் பாடாது என்பதால் சின்னானைப் பாடகராக யாரும் மதிப்பதில்லை. வண்ணாத்திக்குருவியின் பாட்டோடு ஒப்பிட நானும் வரமாட்டேன். ஆனால் இதன் குரல்களில் பேச்சு அதிகம். வட இந்தியாவில் செய்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடையும்போது ஒன்று, குஞ்சு இரை கேட்கும்போது ஒன்று, ஒன்றையொன்று சந்திக்கும்போது ஒன்று, பறக்கும்போது ஒன்று, அபாயத்துக்கு இரண்டு என்று குரல்களைப் பிரித்தது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்தறியப் பார்க்காதீர்கள். அபாயக் குரலை மட்டும் முதலில் பழகுங்கள். சாதாரணமாகக் கொஞ்சிக்கொண்டிருக்கும் குரல் திடீரென்று கரகரப்பாகி, நிற்காமல், ஒரே இடத்தைப் பார்த்தே வரும். கொண்டை நிமிர்ந்திருக்கும், உடல் இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தையல்சிட்டு வரும், தேன்சிட்டு வரும், தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சேரும். சின்னானின் இந்தக் குரலுக்கு மற்ற இனங்கள் காது கொடுக்கின்றன என்பது நன்கு பதிவான விஷயம். அவை பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். பெரும்பாலும் பூனையாக இருக்கும், சில நேரம் சாரைப்பாம்பு, சில நேரம் பொந்தில் தூங்கும் புள்ளி ஆந்தை. உங்கள் குழுவினர் தேடிப் போகும் ஆந்தையை, அவர்கள் தாண்டிப்போன சின்னான் காட்டிக்கொடுத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூட்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆர்வத்தால் கெடுதல் நடக்கிறது. தென்னிந்தியாவில் பிப்ரவரியிலிருந்து மே வரை அதிகம் கூடு கட்டும், இடத்துக்கு இடம் மாறும். சிறு குச்சி, வேர், நார் வைத்த கிண்ணம், வெளியே சிலந்திவலை ஒட்டுப்போட்டிருக்கும். புதரில் ஆள் உயரத்துக்குள்ளேயே பல கூடுகள் இருக்கும். பால்கனித் தொட்டி, சன்னல் கம்பி, வாசல் விளக்கு என்று வீட்டுக்குள்ளும் வந்துவிடும். இளஞ்சிவப்பில் செம்புள்ளி போட்ட முட்டை இரண்டு அல்லது மூன்று. அடைகாப்பது ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் ஏறக்குறைய அவ்வளவே. தாய், தகப்பன் இரண்டும் ஊட்டும். ஊட்டிய பிறகு உடனே பறந்துவிடாமல் ஒரு கணம் காத்திருக்கும். குஞ்சு எச்சமிட்டதும் அதை எடுத்துப்போகும் அல்லது விழுங்கிவிடும், கூடு சுத்தமாக இருப்பது இதனால்தான். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுக்கு வால் குட்டையாக இருக்கும், வாலடியில் அடர்சிவப்பு இருக்காது, மங்கலாக இருக்கும். அடுத்த பல நாட்கள் அது இறகைப் படபடத்துக்கொண்டு பெற்றோர் பின்னாலேயே அலையும்.

இதில் நிறையக் கூடுகள் தோற்றுப்போகும். தென்னிந்தியப் புதர்க்காடுகளில் தீ, கனமழை, இரைகொல்லிகள் மூன்றும் முக்கியக் காரணங்கள் என்று ஆய்வு சொல்கிறது. ஊருக்குள் நான் பார்த்த வரையில் காக்கை, செம்போத்து, ஓணான், பூனை. இதோடு நாமும் சேர்ந்துவிடக் கூடாது. படம் எடுப்பதற்காகக் கூட்டை மறைக்கும் இலைகளை ஒதுக்கிக் கட்டுவது குஞ்சுகளைக் காக்கைக்குக் காட்டிக்கொடுக்கும் செயல். நான்கு முறை அருகில் போய் எட்டிப் பார்ப்பதைவிட தூரத்திலிருந்து அரைமணி நேரம் பார்ப்பது உங்களுக்கும் அதிகம் கற்றுத்தரும். மனிதன் தொட்டால் தாய் குஞ்சைச் சேர்க்காது என்று ஊரில் சொல்வது உண்மை அல்ல, பெற்றோர் அப்படிக் கைவிடுவதில்லை. தரையில் இறங்கி நிற்கும் இறகு முளைத்த குஞ்சைத் தூக்கிவந்து பால்சோறு ஊட்டுவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. பூனை வரும் இடமாக இருந்தால் பக்கத்துப் புதரில் தூக்கி வைத்துவிட்டு விலகிவிடுங்கள், பெற்றோர் குரலைக் கேட்டுத் தேடி வருவார்கள். சின்னானைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம் என்பதையும் அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத சில விஷயங்கள். ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் சற்றே பெரிது என்பதை வெறும் கண்ணால் களத்தில் நம்ப முடியாது. ஆகவே "இது ஆண், இது பெண்" என்று யாராவது சொன்னால், இனப்பெருக்கக் காலத்து நடத்தையைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள். இணை சேரும் காலத்தில் ஆண், வாலடியின் சிவப்புச் சிறகுகளைப் பக்கவாட்டில் விரித்து இறக்கையை மேலும் கீழும் படபடக்கும். அதைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். வாழ்நாள் முழுவதும் ஒரே ஜோடி என்று சொல்வார்கள், போன வருடம் கூடு கட்டிய அதே பறவைதான் இந்த வருடமும் வந்திருக்கிறது என்பார்கள். காலில் வளையம் போடாமல் இரண்டையும் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் சில பறவைகளைத் தனியாக அடையாளம் வைத்துக்கொள்ள இயற்கையே வழி தரும். வாலில் ஓர் இறகு உடைந்திருக்கும், கொண்டை ஒருபக்கம் சிதைந்திருக்கும், நிறமிக் குறைபாட்டால் உடலில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். இந்த வெள்ளைத் திட்டுச் சின்னான்கள் இந்தியாவில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் பகுதியில் இருந்தால் அதன் எல்லை எதுவரை என்று வரைபடமே போட்டுவிடலாம்.

இதன் அறிவியல் பெயரில் 'காஃபெர்' என்று வரும், ஆப்பிரிக்காவின் தென்முனையைக் குறிப்பது. இந்தப் பறவை ஆப்பிரிக்காவில் இயல்பாகக் கிடையாது. அந்த முனையான நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த மாதிரிப் பறவை என்று தவறாக நம்பி 1760இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிஸ்ஸோன் எழுதியதை வைத்து, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1766இல் பெயர் சூட்டிவிட்டார். அந்த முதல் மாதிரிப் பறவை வந்த இடம் பின்னால் இலங்கை என்று திருத்தப்பட்டு, 1952இல் ஸ்ட்ரெஸ்மான் என்ற ஜெர்மானியப் பறவையியலாளரால் புதுச்சேரி என்று நிர்ணயிக்கப்பட்டது. உலகமெங்கும் செங்குதச் சின்னான் என்று சொல்லும்போது அறிவியல் சுட்டுவது நம் கடற்கரைப் பறவையைத்தான்.

கடல் கடந்த கதை இனிமையானது அல்ல, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மனிதர் கொண்டுபோய் விட்ட இடங்களில் இது பெரிய தொல்லை. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் பறவைகள் மூன்றே மூன்று, அதில் ஒன்று சின்னான், இன்னொன்று நம் மைனா. ஃபிஜிக்கு 1903 வாக்கில் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோனதாகச் சொல்லப்படுகிறது. அங்கிருக்கும் பறவைகள் வங்கத்து வகையாக அறியப்படுவதால், சென்னை வழியாகப் போன நம்மவர்கள் கொண்டுபோனது என்று உரிமை கொண்டாட இடமில்லை. தாஹிட்டியில் மிக்கோனியா என்ற அயல்மரத்தின் விதையைப் பரப்பிக் காட்டைக் கெடுக்கிறது. ஹவாயின் ஓஆஹு தீவில் 1960களின் நடுவில் இரண்டு வகைச் சின்னான்கள் வந்து சேர்ந்த பிறகு, அங்கே மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளில் வெள்ளை நிறத்தவை அதிகமாயின. ஆரஞ்சு நிறத்தவற்றைச் சின்னான்கள் தேர்ந்தெடுத்துத் தின்றதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளை கூடியது பதிவான உண்மை. காரணம் என்பது வலுவான விளக்கம், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே காட்டை வளர்க்கும் அதே குணங்கள், எதையும் தின்பது, எங்கும் கூடு கட்டுவது, மனிதரை அஞ்சாதது, அங்கே காட்டைக் கெடுக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால், ஒரு பறவை எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது ஏன் முக்கியம் என்பது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கும்.

எண்ணிக்கை பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பறவை நோக்குவோர் தாங்கள் பார்த்ததைப் பதிவு செய்யும் இணையதளமான ஈபேர்டில் பட்டியல் போடும்போது பலர் சின்னானுக்கு எண் போடாமல் 'இருந்தது' என்று மட்டும் குறித்துவிடுகிறார்கள், சிலர் எழுதுவதே இல்லை. மஞ்சள் மார்பு பண்டிங் என்ற சிட்டு பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை பரவியிருந்தது, யாரும் கவலைப்படாத அளவுக்கு ஏராளமாக இருந்தது. சீனாவில் உணவுக்காகப் பிடித்ததே முக்கியக் காரணமாக, 1980க்கும் 2013க்கும் இடையில் அதன் எண்ணிக்கை ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சரிந்தது. 2004க்கு முன் கவலை தேவையில்லாத இனம் என்ற நிலையில் இருந்தது, 2017இல் மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. சின்னானுக்கு இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை, அதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. ஏராளமாக இருக்கும்போது எண்ணிவைத்தால்தான் குறையும்போது தெரியும். பொங்கலை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கால்மணி நேரம் மொட்டைமாடியில் நின்று, பார்த்த சின்னான்களை எண்ணி, எண்ணையே பதிவு செய்யுங்கள். குழுவோடு போகும்போதும் அதையே செய்யுங்கள், அவர்கள் முன்னால் போனால் போகட்டும். கூட்டுக்குக் குச்சி தூக்கிப் போவதையோ குஞ்சுக்கு ஊட்டுவதையோ பார்த்தால் அதற்கென்று உள்ள இனப்பெருக்கக் குறியீட்டையும் சேருங்கள்.

கடைசியாக பைனாகுலர். சின்னானுக்கு அது தேவையில்லை. பத்தடியில் வந்து அமரும் பறவையைக் கண்ணாலேயே பார்க்கலாம், முதுகுச் செதில் வரிகள்கூடத் தெரியும். அசையாமல் ஒரே இடத்தில் உட்காரப் பழகுவதுதான் முக்கியம், அதுவும் காலை வெயில் ஏறுவதற்கு முன். ஓர் அகலமான மண்தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்தால் குளிக்க வரும். தட்டைப் பூனை தாவ முடியாத உயரத்தில் வையுங்கள், கொசு வராமலிருக்க தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு பணம் சேர்ந்தால் 8க்கு 42 அளவுள்ள பைனாகுலர் வாங்குங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. 10 மடங்கு பெரிதாக்குவது புதியவர் கையில் ஆடும், பார்க்கும் வட்டமும் சிறிதாகிவிடும். கண்ணாடி அணிபவராக இருந்தால், அணிந்தபடியே கடையில் பார்த்து, முழு வட்டமும் தெரிகிறதா என்று சரிபார்த்த பிறகு வாங்குங்கள்.